சுல்மாவின் ஒன்பது விதைகள்

சால்ட்டோ, செப்டம்பர் 12

தம்பி எல்பியோவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். காது மட்டும் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி? போனில் நீ கத்துவதும் நான் "என்ன, என்ன" என்பதும் இனி வேண்டாம். எழுது. உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், கண்ணாடி போடாமலே படிப்பேன்.

ஆறு இறங்கிவிட்டது. என் வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. இப்போது மகள் மிர்த்தாவின் மூன்றாவது மாடியில் கிடக்கிறேன். வீடு சரியாக ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கஞ்சா விதை டப்பா வெள்ளத்தில் போய்விட்டது. பதினோரு வருடமாக நானே ஊன்றி நானே விதை எடுத்த வகை அது. அதில் காய்ச்சிய களிம்பைத் தேய்த்தால்தான் என் வலது கட்டைவிரல் மடங்கும். கடையில் வாங்கியதையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்ததையும் தேய்த்துப் பார்த்தாயிற்று. வாசனை வந்தது, விரல் மடங்கவில்லை. இதெல்லாம் மனப்பிரமை என்று மிர்த்தா சொல்கிறாள். அவள் விரல் நன்றாக இருக்கிறது, சொல்வாள்.

தையல் பெட்டிக்குள் ஒரு மடித்த தாளில் ஒன்பது விதை மிஞ்சியிருந்தது. பழைய விதை. இந்த வசந்தத்தில் ஊன்றாவிட்டால் அடுத்த வருடம் முளைக்காது. மிர்த்தாவின் பால்கனி தெற்கு பார்த்தது, உலகத்தின் இந்தத் தென்பாதியில் அந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் ஒன்பதையும் உனக்கே அனுப்புகிறேன்.

பூவுக்காக வளர்ப்பவர்கள் ஆண் செடியைக் கண்டதும் பிடுங்குவார்கள். நமக்கு வேண்டியது விதை. ஒரு ஆணாவது நிற்கட்டும். அடுத்த அக்டோபருக்குள் உயிருள்ள விதை என் கைக்கு வர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சுல்மா


மினாஸ், அக்டோபர் 4

அன்புள்ள சுல்மா அக்காவுக்கு,

நீ மிர்த்தாவோடு பத்திரமாக இருப்பது பெரிய ஆறுதல். என் முழங்கால் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறது. இரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்கு எண்பது.

விதைகள் கிடைத்தன. ஒன்பது. மூன்று முறை எண்ணினேன். இந்தப் பொறுப்புக்கு நான் ஏற்றவனா என்று எனக்கு உறுதியில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் தோட்டங்களை வரைந்திருக்கிறேனே தவிர, எதிலும் இறங்கி ஒரு கீரைகூடப் போட்டதில்லை. மறுத்து எழுத ஒரு தாளை எடுத்தேன். தேதி போட்டதோடு நின்றுவிட்டேன்.

முதலில் சட்டப்படி பதிவு செய்ய அஞ்சலகம் போனேன். கவுண்டரில் ஒரு பெண்.

"என்ன பெரியவரே, பார்சலா?"

"பதிவு செய்யணும்."

"எத?"

"செடி."

"காது கேக்கல. சத்தமா சொல்லுங்க."

எனக்குப் பின்னால் எங்கள் பழைய மேலதிகாரியின் மனைவி நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் "கஞ்சா" என்றேன்.

"அதச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்? அந்த ஃபாரத்த எடுத்து நிரப்புங்க. எங்கம்மாவே போன வாரம்தான் பதிஞ்சாங்க."

பதிந்துகொண்டால் நம் நாட்டுச் சட்டப்படி வீட்டுக்கு ஆறு பெண் செடி வரை அனுமதி. படிவத்தின் பிரதியை எங்கே வைப்பது என்று தெரியாமல், இப்போதைக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன்.

ஒரு இரவு முழுக்க விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன். பிறகு ஈரத்தாளில் வைத்து இரண்டு சூப் தட்டுகளுக்கு நடுவே மூடினேன். மூன்றாம் நாள் இரண்டு, நான்காம் நாள் நான்கு, ஆறாம் நாள் ஒன்று முளைவிட்டன. இரண்டு முளைக்கவே இல்லை. முளைத்த ஏழில் ஒன்றை நத்தை தின்றது. அது என் கவனக்குறைவு. மீதி ஆறும் இரண்டு இலை விட்டிருக்கின்றன.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன் தம்பி,
எல்பியோ


மினாஸ், பிப்ரவரி 1

அன்புள்ள அக்கா,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. அதில் உன் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எனக்கு வெயிலில் தலை சுற்றுகிறது, மற்றபடி குறையில்லை.

செடிகள் என் தோளைத் தாண்டிவிட்டன. மூன்று ஆண், மூன்று பெண். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆதெமார் பிரிஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பெண் செடிகளை வீட்டுப் பெண்களைப் போல வளர்க்கிறார். நான் வரைபடம் தீட்டியவன்தான், அளந்தவன் அல்ல என்று பலமுறை சொல்லியும் என்னை சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்.

"சர்வேயரே, அந்த மூணும் ஆம்பளச் செடி. குண்டு குண்டா தொங்குது பாருங்க. இன்னும் ஒரு வாரம், வெடிச்சிரும்."

"வெடிச்சா?"

"வெடிச்சா என் பொண்ணுங்க ஆறும் விதை புடிச்சிரும். விதை புடிச்ச பூவ எவன் இழுப்பான்? வாய்கிட்ட பட்டாசு மாதிரி படபடங்கும்."

"அப்படியா."

"அப்படித்தான். இன்னிக்கே புடுங்கிருங்க. ஒண்ணு விடாம."

"சரி" என்றேன்.

உனக்கு ஒரு ஆணாவது வேண்டும் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் வாய் சரி என்றுவிட்டது. இப்போது என்ன செய்வது என்று உடனே எழுது.

தண்ணீர் நிறையக் குடி.

உன் தம்பி,
எல்பியோ


மினாஸ், மார்ச் 22

அன்புள்ள அக்கா,

"வெட்டாதே" என்று ஒரே சொல் எழுதிய உன் அட்டை கிடைத்தது. தபால் தலைக்கு இவ்வளவு குறைவாக வேலை வாங்கியவர் உன்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. உன் உடம்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. என் தலைசுற்றல் நின்றுவிட்டது.

ஆதெமார் பார்க்கும்படியாகவே இரண்டு ஆண்களைப் பிடுங்கினேன். மூன்றாவதைத் தொட்டியோடு தூக்கி உள்ளே பின்னறையில், ஜன்னலைச் சாத்தி வைத்தேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி பூக்கள் திறந்தன. பவுடர் போன்ற மஞ்சள் தூள் தரை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றின் மேலும் படிந்தது. கட்டில் மேல் ஒரு விரிப்பைப் போட்டு, தினமும் காலையில் அறையைச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் தூளை வரைதாளில் சேர்த்து, மைக்கோடு திருத்தும் மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு பெண் செடியின் இரண்டு கிளைகளுக்கு மட்டும் தடவினேன். அந்தக் கிளைகளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். பிறகு ஆண் செடியை நறுக்கி எரித்தேன். இப்போது சிவப்பு நூல் கிளைகளில் உறைகள் பருத்திருக்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெண்பச்சையாக ஒரு விதை. பார்த்ததும் உறையை மறுபடி மூட முயன்றேன்.

தெருவில் ஒரு சண்டை. ஆதெமாரின் ஆறு செடிகளும் விதை பிடித்துவிட்டன. அடுத்த தெரு முடிதிருத்துநர் பெந்தாங்கூர் மொட்டைமாடியில் செடி வளர்க்கிறார். அங்கே ஒரு ஆண் நின்றிருக்க வேண்டும் என்று ஆதெமார் முடிவு கட்டி, கடை வாசலில் போய்க் கத்தினார். "உன் மாடில ஆம்பளச் செடி இல்லன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணு" என்றார். பெந்தாங்கூர் சத்தியமும் செய்தார். ஆதெமார் நம்பவில்லை. இருபது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாகச் சீட்டாடியவர்கள், இப்போது முகம் பார்ப்பதில்லை. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும் என்று படித்தேன். எங்கிருந்தும் வந்திருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

குளிர் தொடங்குகிறது, கையுறை போட்டுக்கொள்.

எல்பியோ


சால்ட்டோ, ஏப்ரல் 3

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இரு.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தினமும் அறையைச் சுத்தம் செய்ததாக ஒரு வரி இருக்கிறது. குப்பையை எங்கே கொட்டினாய் என்ற வரி இல்லை. நான் கேட்கப் போவதில்லை. என் தம்பி கொட்டுமிடம் எனக்குத் தெரியும்.

இப்போது கவனமாகப் படி. பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் பறிக்காதே. உறை தானாக வாய் பிளந்து, உள்ளே விதை கருத்து, புலிக்கோடு மாதிரி வரி தெரிய வேண்டும். விரலால் தட்டினால் ஒன்றிரண்டு உதிர வேண்டும். அப்போது கிளையோடு வெட்டி, இருட்டில், காற்றோட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிடு. வெயில் ஆகாது. இரண்டு வாரம் கழித்து உள்ளங்கையில் கசக்கி, ஊதி, தூசியைப் போக்கு. பிறகு தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, இன்னும் மூன்று வாரம் விடு. ஒன்றைப் பல்லில் கடித்துப் பார். நசுங்கினால் ஈரம். பட்டென்று உடைந்தால் சரி. பிறகு கண்ணாடிக் குப்பியில் போட்டு, வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் கட்டி உள்ளே வைத்து, இறுக மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வை. சும்மா சும்மா திறந்து பார்க்காதே, உனக்கு அந்தக் குணம் உண்டு.

விதை எடுத்த பிறகு மீதி இலை, பூவையெல்லாம் எண்ணெயில் காய்ச்சிக் களிம்பாக்கி அனுப்பு.

கம்பளிச் சாக்ஸ் போடு.

சுல்மா


மினாஸ், ஜூன் 6

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் நீ சொல்வதில்லை. எனக்கு ஒரு வாரம் இருமல் இருந்தது, விட்டுவிட்டது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி கிளைகளை வெட்டினேன். இரண்டு வாரம் துணி அலமாரிக்குள் தொங்கின. என் கோட்டில் இன்னமும் அந்த வாசனை அடிக்கிறது, தேவாலயத்துக்கு வேறு கோட்டில் போகிறேன். கசக்கி ஊதியதில் பச்சை விதைகளை ஒதுக்கிவிட்டு, நன்றாக முற்றியவை நூற்று நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வரிகள் எங்கள் அலுவலகத்தின் மலைப்பகுதி வரைபடங்களைப் போல நுணுக்கமாக இருந்தன.

மே மாதம் இங்கே மழை விடவே இல்லை. ஈரமானி எண்பத்தெட்டைக் காட்டியது. மூன்று வாரம் பரப்பி வைத்தும், கடித்தால் விதை நசுங்கியது. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து, கணப்பு அடுப்புக்கு மேலுள்ள பலகையில் தட்டை வைத்தேன். உப்பு, தீப்பெட்டி, காலையில் ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலை டப்பா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மினாஸில் ஈரம் ஆகாத எதையும் எல்லோரும் வைக்கும் இடம் அதுதான். பத்து நாளில் கடித்த விதை பட்டென்று உடைந்தது. ஈரமானி நாற்பத்தொன்று. நீ சொன்னபடி குப்பி, அரிசி, மூடி. ஒட்டுச்சீட்டில் பெயர், தேதி, எண்ணிக்கை. இதுவரை திறக்கவில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு காரியத்தை நன்றாகச் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

களிம்பு இரண்டு குப்பி பேருந்தில் வருகிறது. சிக்கனமாகத் தேய்த்தால் ஜனவரி வரை வரும்.

நேற்று பெந்தாங்கூரிடம் முடி வெட்டிக்கொண்டேன். துணியைக் கழுத்தில் கட்டியதும் ஆரம்பித்தார்.

"பெரியவரே, நீங்களே சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?"

"இல்ல."

"எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். அப்பவும் நம்பல அந்த டயருக்காரன். இப்ப என் கடைக்கு வர்ற ஆளுங்ககூட மாடியப் பாத்துட்டுத்தான் உள்ள வர்றாங்க."

"ம்."

"தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்."

வெட்டிய முடி நன்றாக அமையவில்லை. அது அவர் தவறு அல்ல.

உன் தம்பி,
எல்பியோ


சால்ட்டோ, ஜூலை 30

அன்புள்ள எல்பியோ மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல மிர்த்தா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவின் வார்த்தைகள் இனி:

களிம்பு வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது. வீட்டுத் தரை போட்டுவிட்டார்கள், அக்டோபரில் திரும்பலாம் என்கிறார்கள். விதையை அனுப்புவதற்கு முன் பத்தை எடுத்து ஈரத்தாளில் சோதித்துப் பார். ஏழுக்கு மேல் முளைத்தால் மீதியை அனுப்பு. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மாமா, இனி நான் எழுதுவது. அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு குப்பியையும் அவள் திறக்கவே இல்லை. "விதை வந்து முளைக்கட்டும், அப்புறம் தொடுறேன். இது தீந்து அதுவும் வரலன்னா என்ன பண்றது" என்கிறாள். பேனா பிடிக்க முடியாமல் என்னை எழுதச் சொன்னாள், உங்களிடம் கண் வலி என்று சொல்லச் சொன்னாள். அவளுக்குக் கண் வலி இல்லை.

மிர்த்தா


மினாஸ், ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

உன் கண் சீக்கிரம் குணமாகட்டும். நான் நலம். மழை குறைந்திருக்கிறது. முனிசிபாலிட்டி எங்கள் தெரு மரங்களை வெட்டி ஒதுக்கியது, கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கிறது. சமையலறை குளிர்ந்திருப்பதால் நாள் பிடிக்கலாம்.

மிர்த்தாவுக்கு அன்பு.

எல்பியோ


சால்ட்டோ, ஆகஸ்ட் 27

தம்பி,

எத்தனை முளைத்தது?

சுல்மா


மினாஸ், செப்டம்பர் 18

அக்கா,

உன் நலம் கேட்டுத் தொடங்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது?

ஒன்றும் முளைக்கவில்லை.

முதலில் பத்து. பன்னிரண்டு நாள் வைத்தும் அசைவில்லை. தட்டைக் கணப்புக்கு அருகே நகர்த்தி இன்னொரு இருபது வைத்தேன். அவை வழுவழுத்து அழுகின. அப்போதுதான் யோசித்தேன், வெப்பமானியை அந்தப் பலகையில் வைத்துப் பார்த்தேன். அடுப்பு எரியும்போது ஐம்பத்தெட்டு டிகிரி. பத்து நாள் தினமும் நான்கு முறை ஈரமானியைப் பார்த்துக் குறித்தவன், வெப்பத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. மாத்தே இலைக்கு ஏற்ற இடம் விதைக்கும் ஏற்றது என்று நினைத்தேன். மாத்தே இலை உயிரற்றது. இதை உணர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மீதி நூற்றுப் பதினொன்றையும் ஊறவைத்தேன். ஒன்றும் இல்லை. உன் பதினோரு வருடத்தை நான் வறுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வேறு யோசனை ஓடியது. எங்கிருந்தோ இருபது விதை வாங்கி உன் பெயரில் அனுப்பிவிடலாம், அடுத்த ஏப்ரல் வரை தெரியாது, அதற்குள் என்னவெல்லாமோ நடக்கலாம் என்று. ஒட்டுச்சீட்டுகூட எழுதிவிட்டேன். எழுத்து மிக அழகாக அமைந்திருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் கிழித்தேன்.

பிறகு, உன் செடியின் வாரிசு உலகத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில் இருக்கலாம் என்று நினைவு வந்தது. நினைவு வந்தது என்பது சரியல்ல. மார்ச் மாதத்திலிருந்தே அது நினைவில் இருந்தது. நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பின்னறை விரிப்பைத் தினமும் மதில் ஓரம் கொண்டுபோய் உதறினேன். உள்ளே உதறினால் தூசி, தெருவில் உதறினால் மரியாதையில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஆதெமார் கத்தத் தொடங்கிய நாளில்தான் யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆதெமார் வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல் முறை தட்டியது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எத்தன மணிக்கு உதறுவீங்க?" என்றார்.

"ஏழு மணிக்கு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

"ஞாயித்துக்கிழமை ஏன் இல்ல?"

"தேவாலயம் போவேன்."

"ஏழு மணிக்கு நான் அங்க நின்னு மாத்தே குடிப்பேன், சர்வேயரே. நீங்க உதறுறதப் பாத்து, 'ஒண்டிக்கட்டை, ஆனா என்ன சுத்தம்'னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டாப் போதுமா? வாங்க. பெந்தாங்கூர் கடைக்கு."

"நாளைக்குப் போவோமே."

"நாளைக்கு நீங்க வர மாட்டீங்க. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

கடையில் ஒருவர் நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்போடு இருந்தார், மூன்று பேர் காத்திருந்தார்கள். ஆதெமார் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய், ஆண் செடி என் பின்னறையில் இருந்தது, பெந்தாங்கூர் மாடியில் எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. பெந்தாங்கூர் சவரத்தை நிறுத்தவில்லை. கத்தியைத் துணியில் துடைத்தபடி பேசினார்.

"மார்ச்லேருந்து நாலு தடவ இந்த நாற்காலில உக்காந்து எந்திரிச்சிருக்கீங்க."

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சு. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டதான் பொலம்பினேன். ஊர்லயே நல்ல மனுசன் இவருதான்னு."

"ஆமா."

"இனிமே வேற கடை பாத்துக்குங்க, பெரியவரே."

சரி என்றேன். இந்தச் 'சரி' மட்டும் நியாயமாக இருந்தது. வெளியே வந்தபோது ஆதெமார் உள்ளே போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை சீட்டாடவில்லை.

மறுநாள் விதை கேட்டுப் போனேன். அதற்குத்தான் முதலில் போனேன் என்று அவர் நினைத்திருந்தால், பாதி சரி.

"விதையா? கெட்டுப்போன பூவத் தூக்கிக் கோழிக்குப் போட்டேன். முழு வருசப் பாடு, கோழி தின்னுச்சு."

"ஒண்ணுகூட இல்லையா?"

அவர் உள்ளே போய் ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். ஆறாவது செடியின் பூ. அவருடைய மனைவி தூக்கத்துக்கு வேண்டுமென்று பிடுங்கி வைத்திருந்ததாம். மேசையில் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். முப்பத்து நான்கு விதை, அதில் கருத்தவை இருபத்து மூன்று. ஐந்தை வெப்பமானியோடு சோதித்தேன், நான்கு முளைத்தன. மீதிப் பதினெட்டும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன.

இவை முழுக்க உன்னுடையவை அல்ல. தகப்பன் உன் செடி, தாய் ஆதெமாருடையது. உன் விரலுக்கு ஆகுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஒட்டுச்சீட்டில் தாய் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுத வேண்டும் என்று ஆதெமார் பிடிவாதம் பிடித்தார். எழுதியிருக்கிறேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

எல்பியோ


சால்ட்டோ, அக்டோபர் 30

எல்பியோவுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். அந்த ஒரு மாதமும் உன்மேல் கோபமாக இருந்தேன். மிர்த்தாவைக் கேள், தட்டுகளெல்லாம் என்ன பாடு பட்டன என்று சொல்வாள். நான் போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்துவிட்டேன். நடமாடுகிறேன். நீ சாப்பிடுகிறாயா?

அடுப்புக்கு மேல் வைத்ததற்குக் கோபமில்லை. மே மாதத்தில் மினாஸில் இருந்திருந்தால் நானும் அங்கேதான் வைத்திருப்பேன். வெயில் ஆகாது என்று எழுதியவள், அடுப்பும் ஆகாது என்று எழுதியிருக்கலாம். மரம் வெட்டிய கதையை எழுதினாயே, அதற்குத்தான் கோபம். இங்கே நான் குப்பியைத் திறக்காமல் நாளை எண்ணிக்கொண்டிருக்க, நீ முனிசிபாலிட்டியைப் பற்றி எழுதுகிறாய்.

ஆறு ஊன்றினேன். ஐந்து வந்துவிட்டது. இலை என் செடியைவிட அகலம், ஆதெமாரின் சாயலாக இருக்கும். தாய் என்ற இடத்தில் ஒரு ஆண்பிள்ளை பெயரைப் படித்து மிர்த்தா ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். விரலுக்கு ஆகுமா என்று ஏப்ரலில்தான் தெரியும். ஆகாவிட்டால் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். இப்போதைக்கு ஒரு குப்பியைத் திறந்துவிட்டேன். இந்தக் கடிதம் என் கையால் எழுதியது. பார்த்தாலே தெரியும், கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

இங்கே இரண்டு பக்கத்து வீட்டிலும் செடி இருக்கிறது. நானே போய்ச் சொன்னேன்: இந்த வருடம் ஒரு ஆணை வைத்துக்கொள்ளப் போகிறேன், பிப்ரவரியில் உங்கள் பூவை மூடிக்கொள்ளுங்கள் அல்லது முன்கூட்டியே வெட்டிக்கொள்ளுங்கள் என்று. வலப்பக்கத்து ஃப்ரேதெஸ், "தூளத் தடவுறது யாரு, உன் கைதான் ஆடுதே" என்று கேட்டான். இடப்பக்கத்து லியொனோர் கதவை என் முகத்தில் சாத்தினாள். எனக்குக் காது கேட்காததால் அவள் உள்ளிருந்து சொன்னது என்னவென்று தெரியவில்லை. நல்லதாக இருக்காது.

பிப்ரவரி முதல் வாரம் நீ வா. தூள் தடவுவது உன் வேலை. அதற்கு முன் லியொனோர் கதவைத் தட்டிப் பேசுவதும் உன் வேலை. எனக்குக் கேட்காது, உனக்குக் கேட்கும்.

ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் நீ வரவில்லை.

சுல்மா


மினாஸ், நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு நல்ல கடிதம் எனக்கு வந்ததில்லை. நான் நலம். முடி காதை மூடியிருக்கிறது, அதனால் குளிரவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதிக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். பேருந்து காலையில் ஏழு ஐந்துக்குச் சால்ட்டோ வந்து சேரும். அலைய வேண்டாம், நானே நடந்து வருகிறேன். இங்கே முளைத்த நான்கையும் ஆதெமார் பார்த்துக்கொள்வார். "என் பங்கு இருக்கில்ல, நான் பாத்துக்கறேன்" என்றார். என்னோடு இப்போது பேசுவது கொஞ்சம்தான், ஆனால் பேசுகிறார்.

லியொனோரிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். முதலில் ஒன்றரைப் பக்கம் வந்தது. சுருக்கி மூன்று வாக்கியம் ஆக்கியிருக்கிறேன். மனப்பாடமும் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் முதல் வாக்கியம் வர வேண்டும், அதுதான் கஷ்டம்.

அவள் வீட்டில் நாய் இருக்கிறதா என்று எழுது. இருந்தாலும் வருகிறேன்.

உன் தம்பி,
எல்பியோ